அறிவிப்பு வந்துவிட்டது, விளக்கம் வந்ததா?

மார்சிலிங் எம்ஆர்டி நிலையம் 1996 பிப்ரவரியில் திறக்கப்பட்டபோது பயணிகள் காந்தப் பட்டை கொண்ட அட்டையைக் கட்டண வாயிலில் செருகிச் சென்றனர். 2002ல், தொட்டாலே போதும் என்ற ஈஸி-லிங்க் அட்டை வந்தது. 2019ல் வங்கி அட்டையைத் தட்டியே பயணம் செய்யும் சிம்பிளிகோ முறை சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு முறையும் மக்கள் பழகிக்கொண்டார்கள். அப்படியிருக்க, 2024ல் மட்டும் ஏன் அத்தனை சலசலப்பு?

அந்த ஆண்டு ஜனவரி 9ஆம் தேதி நிலப் போக்குவரத்து ஆணையம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. சிம்பிளிகோவுக்கு மாற்றப்படாத ஈஸி-லிங்க் அட்டைகளையும் நெட்ஸ் ஃபிளாஷ்பே அட்டைகளையும் கொண்டு ஜூன் 1 முதல் பெரியவர்கள் பேருந்திலும் ரயிலிலும் பயணம் செய்ய முடியாது என்பது அதன் சாரம். பயணச்சீட்டு அலுவலகங்களில் வரிசை நீண்டது. புகார்கள் குவிந்தன. சரியாக 13 நாள்கள் கழித்து, ஜனவரி 22ஆம் தேதி, அப்போதைய போக்குவரத்து அமைச்சர் சீ ஹொங் டாட் பழைய முறையும் தொடரும் என்று அறிவித்தார். குறைந்தது 2030 வரை அதை நீட்டிக்கக் கூடுதலாக $40 மில்லியன் செலவாகும் என்றும் தெரிவிக்கப்பட்டது.

மென்பொருள் பழுதடைந்து நிகழ்ந்ததன்று இது. மாற்றம் எப்படிச் சொல்லப்பட்டது என்பதிலும், மாற்றத்தில் எது பறிபோனது என்பதிலும்தான் சிக்கல் இருந்தது.

எது போகும்?

பழைய அட்டையில் பணத்தின் மதிப்பு அட்டைக்குள்ளேயே பதிவாகியிருக்கும். அதனால் வாயிலைத் தொட்டதும் கட்டணமும் மீதமும் திரையில் தெரியும். சிம்பிளிகோவில் பணம் கணக்கில் இருக்கிறது. அட்டை வெறும் அடையாளம்தான். அந்தக் கணக்கைத் தேடி எடுத்து வாயிலிலேயே காட்டுவதற்குச் சில விநாடிகள் கூடுதலாகும். உச்ச நேரத்தில் வரிசை தேங்கும். மீதத்தை அறியக் கைப்பேசிச் செயலியைத் திறக்க வேண்டும்.

எங்கிருந்தும் பணம் நிரப்பலாம், தொலைந்த அட்டையை முடக்கலாம் என்று புதிய முறையின் வசதிகள் பல. ஆனால், மக்கள் பேசியதெல்லாம் அந்த ஒரு திரையைப் பற்றித்தான். அட்டையில் எத்தனை வெள்ளி இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துச் செலவு செய்யும் குடும்பத்திற்கு அது சின்ன விஷயம் அல்ல. எந்த மேம்பாட்டு அறிவிப்பும் கிடைக்கப்போவதைச் சொல்லும் முன்பு, போகப்போவதைச் சொல்ல வேண்டும்.

யாருக்கு?

அடுத்தது, அறிவிப்பு யாருக்கானது என்பது. மூத்தோர், மாணவர் போன்றோரின் சலுகை அட்டைகளை அந்த மாற்றம் கட்டாயப்படுத்தவில்லை. சிம்பிளிகோவுக்கு மாற்றிய ஈஸி-லிங்க் அட்டையைக் கொண்டு வாகனமோட்டிகள் சாலைக் கட்டணம் செலுத்த முடியாது. ஆக, ஒரே வீவக வீட்டில் தாத்தாவுக்கு ஒரு விதி, வேலைக்குப் போகும் மகளுக்கு ஒரு விதி, கார் ஓட்டும் மருமகனுக்கு வேறொரு விதி. 'நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை' என்ற வரி சிலருக்குத்தான் பொருந்தும். அந்தச் சிலர் யார் என்பதுதான் முதல் பத்தியில் இருக்க வேண்டிய செய்தி.

பொதுமக்கள் மட்டும்தான் அறிவிப்புகளைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதும் இல்லை. மறைத்த அடையாள அட்டை எண்களைப் புதிய சேவைகளில் பயன்படுத்தும் திட்டத்தை நிறுத்தும்படி 2024 ஜூலையில் அரசாங்க அமைப்புகளுக்குச் சுற்றறிக்கை சென்றது. நிறுவனப் பதிவுகளைக் கவனிக்கும் 'அக்ரா' ஆணையம், முழு எண்ணையும் காட்ட வேண்டும் என்று அதைப் புரிந்துகொண்டது. டிசம்பர் 9ஆம் தேதி தொடங்கிய புதிய பிஸ்ஃபைல் தளத்தில், தேடியவர்களுக்கெல்லாம் மற்றவர்களின் முழு எண் தெரிந்தது. சில நாள்களில் அந்தத் தேடல் வசதி நிறுத்தப்பட்டது. 'நிறுத்துங்கள்' என்று சொல்லிவிட்டு, அதற்குப் பதில் என்ன செய்வது என்பதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் அதிகாரிகளுக்கே குழப்பம் வரும்.

நம்பலாமா?

'பழைய முறை முடிகிறது, உடனே மாறுங்கள்.' உண்மையான அறிவிப்பும் இப்படித்தான் பேசுகிறது. மோசடிக்காரனின் குறுஞ்செய்தியும் இப்படித்தான் பேசுகிறது. 2021 இறுதியில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளை நம்பி ஏறத்தாழ 790 வாடிக்கையாளர்கள் $13.7 மில்லியன் இழந்தனர். அதன் பிறகு, வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளிலும் மின்னஞ்சல்களிலும் இணைப்புகளை வைப்பதை வங்கிகள் கைவிட்டன. 2024 ஜூலை முதல் பெரும்பாலான அரசாங்கக் குறுஞ்செய்திகள் ஒரே பெயரில் வருகின்றன. அவசரப்படுத்தும் அறிவிப்பு மக்களை மோசடிக்குப் பழக்கிவிடுகிறது. நிதானமான தேதியும், நேரில் சென்று கேட்கக்கூடிய ஓர் இடமும் இருந்தால் அந்த ஆபத்து குறையும்.

செய்யாவிட்டால் என்ன ஆகும்?

மார்சிலிங்வாசிகள் கண்முன்னே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் காரில் செல்வோர் கடவுச்சீட்டுக்குப் பதிலாக கியூஆர் குறியீட்டைக் காட்டும் வசதி 2024 மார்ச் 19ஆம் தேதி தொடங்கியது. கடவுச்சீட்டையும் காட்டலாம் என்ற வழி மூடப்படவில்லை. விரும்பியவர்கள் முதலில் மாறினார்கள். மற்றவர்கள் பார்த்துப் பழகினார்கள்.

தொலைக்காட்சி மாற்றமும் அப்படித்தான். பழைய அலைவரிசை ஒளிபரப்பை 2017 இறுதியில் நிறுத்தத் திட்டமிடப்பட்டிருந்தது. வீடுகளுக்குக் கூடுதல் அவகாசம் தர அது ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது; கட்டணத் தொலைக்காட்சி இல்லாத வீவக வீடுகளுக்கு $100 மானியமும் கிடைத்தது. வசந்தம் ஒளிவழியைப் பார்க்கப் புதிய பெட்டி வேண்டும் என்ற செய்தியோடு, அதை வாங்க உதவியும் சேர்ந்து வந்தது.

இதே கேள்வி வீட்டுக் கணினிக்கும் பொருந்தும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. கணினி மறுநாளே நின்றுவிடவில்லை. ஆனால் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. ஓராண்டுக்கு நீட்டிப்புப் பெறும் வழியையும் மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கிறது. 'ஆதரவு முடிந்தது' என்ற இரண்டு சொற்களை மட்டும் படித்தவர் நல்ல கணினியைத் தூக்கி எறியலாம். அல்லது ஒன்றுமே செய்யாமல் அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறந்துகொண்டிருக்கலாம். இரண்டுமே இழப்புதான்.

தமிழில் வரும் வழிகாட்டிகளுக்கு இன்னொரு கடமையும் உண்டு. செயலியின் திரை ஆங்கிலத்தில் இருக்கும்போது பொத்தானின் பெயரை மட்டும் அழகான தமிழில் எழுதினால், வாசகர் அந்தச் சொல்லைத் திரையில் தேடித் தேடிக் களைத்துப்போவார். திரையில் உள்ள பெயரை அப்படியே காட்டி, பக்கத்தில் தமிழில் பொருள் சொல்வதே உதவும். சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் உள்ள மின்னிலக்க உதவி முகப்புகளை நாடி வரும் மூத்தோருக்குத் தேவைப்படுவதும் இத்தகைய விளக்கமே.

எது போகும், யாருக்குப் பொருந்தும், செய்யாவிட்டால் என்ன ஆகும், யாரிடம் கேட்கலாம் என்ற நான்கு கேள்விகளுக்கும் மின்தூக்கி அருகே ஒட்டப்படும் ஒரே தாளில் விடை எழுதிவிடலாம். சிம்பிளிகோ விவகாரத்தில் அந்த விடைகளை மக்கள் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. அடுத்த மாற்றத்தில் அவை கேட்காமலேயே முதலில் வர வேண்டும்.