கரைசூழ் துறை

திருகோணமலைத் துறைமுகத்தைக் குறித்து ஆங்கிலத்தில் எழுதுவோர் பெரும்பாலும் ‘லாண்ட்-லொக்ட்’ என்னும் அடைமொழியைக் கையாள்வர். அண்மையில் மாணாக்கர் ஒருவர் அதனைக் ‘கடலில்லாத் துறைமுகம்’ என மொழிபெயர்த்து வந்தார். கப்பலின் ஊதல் கேட்கும் தொலைவில் வாழும் பிள்ளை! ஆயினும் அவரைக் குறைகூறுதல் தகாது. அகராதி அப்பொருளையும் தருகின்றது. 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கையும் கடற்கரையில்லாத நாட்டையே இச்சொல்லாற் சுட்டுகின்றது. நேபாளமும் லாவோசும் அத்தகையன.

சொல்லின் பழைய வழக்கோ மாலுமிகளுடையது. 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வழங்கிய இதற்குக் கப்பற்கலை அகராதிகள் கூறும் கருத்து இது: கப்பலில் நின்று எப்புறம் நோக்கினும் நிலமே தோன்றவேண்டும், திறந்த கடல் கண்ணிற் படலாகாது. உட்துறைமுக வீதியில் நின்று பார்ப்போர்க்கு இதற்கு வேறு உரை வேண்டா. கொட்டியாரக் குடா கிழக்கே கடலுக்கு வாய் திறந்து கிடக்க, அதன் வடபால் உட்துறைமுகம் குன்றுகளுக்குள் ஒடுங்கியிருக்கின்றது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தும் அங்கே நீர் அடங்கியே கிடக்கும். இவ்வடக்கம் கருதியே ஒல்லாந்தரும் பிரான்சியரும் பிரித்தானியரும் இதற்காகப் போரிட்டனர். பிரித்தானியக் கடற்படை 1957 வரை இங்கே நிலைகொண்டிருந்தது.

‘லொக்’ என்றவுடன் நம்மவர் கதவையும் திறவுகோலையும் நினைந்து, ‘நிலத்தாற் பூட்டப்பட்ட’ என்றும் எழுதிவிடுகின்றனர். தமிழிற் பூட்டுதல் கதவுக்கு மட்டும் உரியதன்று. ஏர் பூட்டுகின்றோம், வில்லில் நாண் பூட்டுகின்றோம். ஆங்கிலச் சொல்லுக்கும் அடைத்தல், பிணைத்தல் எனப் பொருள் பல. இங்கே கொள்ளத்தக்கது அடைத்தலே. நிலம் என்னும் பெயருக்கும் அடைபட்ட என்னும் வினைக்கும் இடையே மூன்றாம் வேற்றுமைப் பொருள் மறைந்து நிற்கின்றது. ‘கடல்சூழ் இலங்கை’ என நாம் நாள்தோறும் வழங்குவதும் அவ்வகைத் தொகையே. நன்னூல் வகுப்பில் ஒன்றையும் ஆங்கில வகுப்பில் மற்றொன்றையும் கற்று, இரண்டையும் ஒருங்கு வைத்துப் பாராத மாணாக்கரே நாளை நம் பாடநூல்களை மொழிபெயர்க்கப் போகின்றனர். இவ்விரண்டு வகுப்புகளுக்கும் இடையே சுவரெழுப்பிய குற்றம் ஆசிரியராகிய நம்முடையது.

நாட்டுக்கு வழங்கும் ‘நிலஞ்சூழ்’ என்பதையே துறைமுகத்துக்கும் வழங்கின் மயக்கம் தீராது. ஆங்கிலத்தில் ஒரே சொல் இருத்தலால் தமிழிலும் ஒன்றே வேண்டும் என்னும் கட்டாயம் யாது? நாட்டைக் ‘கடலில்லா நாடு’ என்போம். துறையைக் ‘கரைசூழ் துறை’ என்போம்.

இதனைக் கேட்ட மாணாக்கர், “அப்படியாயின் கொட்டியாரக் குடாவை என்னென்பது, ஐயா?” என்று வினவினார். வாயகன்ற அக்குடாவுக்கு இவ்வடைமொழி பொருந்தாது என்றோம். அவர் தம் ஏட்டில் முதற்றொடரை அடித்துத் திருத்திக்கொண்டார்.