பொடக்காலியில பச்சைக் கம்பளம்

போன மாசம் என் தம்பி பையன் கூப்பிட்டான். கோயமுத்தூர்ல சரவணம்பட்டி தாண்டி 12 சென்ட் எடம் வாங்கி, வீடு கட்டி நாலு வருசமாச்சு. "பெரியப்பா, வீட்டுக்குப் பின்னாடி பசங்களுக்கு டர்ஃப் போடறனுங்க. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க"ன்னான்.

டர்ஃப்னா என்னன்னு எனக்குத் தெரியாம இல்ல. எங்க கோபி ரோட்டுல மஞ்சள் வெளஞ்ச காடு ஒண்ணு, இப்ப சுத்தியும் வலை கட்டி, ராத்திரி பத்து மணிக்கும் லைட் எரியற கிரிக்கெட் கிரவுண்டா நிக்குது. ஆனா பொடக்காலியிலயே போடறது எனக்குப் புதுசு. (வீட்டுப் பின்பக்கத்த எங்க பக்கம் பொடக்காலின்னு சொல்லுவோம். துணி தொவைக்கறது, முருங்கை நிக்கறது, கோழி மேயறது எல்லாம் அங்கதான்.)

போய்ப் பாத்தேன். காண்ட்ராக்டர் தம்பி டேப் புடிச்சு அளந்துட்டு இருந்தாரு. 60 அடிக்கு 30 அடி. மொத்தத்துக்கும் காங்கிரீட் போட்டு, தெருச் சாக்கடைப் பக்கம் வாட்டம் குடுத்து, அதுமேல புல்லு விரிக்கறதாம். ஓரத்துல ஒரு வேம்பு நிக்குது. எல உதிர்ந்து புல்லுக்குள்ள சிக்கும், வேர் வந்து தளத்தத் தூக்கும், அதனால வெட்டிறலாம்னாரு. கொட்டேஷனையும் காட்டுனான். அந்தக் காசுக்கு நாலு கறவை மாடு புடிச்சுறலாம்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "ஏங்கண்ணு, மண்ணுல வெளையாட முடியாதா? நாங்க எல்லாம் களத்துல வெளையாடலையா?"ன்னு ஆரம்பிச்சேன். செம்மண்ணு கொட்டி, தண்ணி தெளிச்சு, திம்சுக் கட்டை போட்டு இறுக்கி, மேல சாணி மொழுகுனா களம் கல்லு மாதிரி இருக்கும். அறுப்பு முடிஞ்சா சடுகுடு, கிட்டிப்புள்ளு எல்லாம் அதுலதான்.

அவன் பொறுமையாக் கேட்டுட்டு ரெண்டே ரெண்டு சொன்னான். ஒண்ணு, "ரோட்டுல லாரி போகுது, வெளிய உட முடியல. பசங்க நாள் பூரா போனத்தான் பாக்கறாங்க பெரியப்பா." ரெண்டாவது, "நீங்க தக்காளிக்கு மல்ச்சிங் ஷீட்டு விரிக்கறீங்களே, அது பிளாஸ்டிக் இல்லீங்களா?"

ரெண்டாவதுக்கு எனக்குப் பதில் இல்ல. ஷீட்டு மட்டுமா, சொட்டுநீர்க் குழாயும் பிளாஸ்டிக்தான். வரப்போரத்துல கிழிஞ்ச ஷீட்டு இன்னும் சுருண்டு கெடக்குது. இதையும் எழுதாம அவனக் கொறை சொன்னா அது நியாயம் இல்ல.

மொதல் விசயமும் நெசந்தான். பசங்க வேர்க்க விறுவிறுக்க வெளையாடட்டும், அதுல எனக்கு ஆட்சேபனையே இல்ல. அதனால பேச்ச மாத்துனேன். "புல்லு போடு கண்ணு. அடியில காங்கிரீட்டு மட்டும் வேண்டாம்"னேன்.

கணக்கப் பாருங்க. 60க்கு 30ன்னா 1800 சதுர அடி, நாலு சென்ட்டுக்கு மேல. மீட்டர்ல 167 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழை பேஞ்சா ஒரு லிட்டர். அப்ப அஞ்சு சென்டிமீட்டர் மழைக்கு அந்த எடத்துல மட்டும் எட்டாயிரம் லிட்டருக்கு மேல தண்ணி. கோயமுத்தூர்ல வருசத்துக்கு 600 மில்லிமீட்டர்னு கம்மியா வச்சாலும் ஒரு லட்சம் லிட்டர். அத்தனையும் வாட்டம் புடிச்சு சாக்கடைக்குப் போவும். அதே வீட்டுல சித்திரையில போர் வத்திப் போயி லாரித் தண்ணி வாங்கறாங்க. 2003லயே தமிழ்நாட்டுல எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு கொண்டு வந்தாங்க. கூரைத் தண்ணிய மட்டும் குழிக்கு உட்டுட்டு, தரையப் பூரா மூடிட்டா என்ன பிரயோசனம்?

நெசமாச் சொன்னா அந்தப் புல்லு மேல எனக்கு அவ்வளவு கோவம் இல்ல. அதோட அடித்துணியில வரிசையா ஓட்டை இருக்குது, தண்ணி எறங்கும். அடியில மண்ண இறுக்கி, ஜல்லி பரப்பி, மேல கிரஷர் தூள் போட்டு ரோலர் உட்டா தளம் நிக்கும். மழையும் மண்ணுக்குள்ள போவும். காங்கிரீட்டு போட்டாத்தான் கத முடிஞ்சுது. காண்ட்ராக்டருக்கு அது சுளுவான வேலை, அவரச் சொல்லியும் குத்தமில்ல.

இன்னொண்ணு, புல்லுக்கு நடுவுல தூவற கருப்பு ரப்பர்த் தூள். பழைய டயர அரைச்சது. பசங்க செருப்புல ஒட்டும், வீட்டுக்குள்ள வரும், மழைக்குச் சாக்கடைல போவும். ஐரோப்பாக்காரங்க 2023ல இந்த மாதிரிப் பிளாஸ்டிக், ரப்பர்த் துகள்களுக்குத் தடை போட்டுட்டாங்க, கிரவுண்டுகளுக்கு மட்டும் எட்டு வருசம் அவகாசம். வீட்டுக்கு அது எதுக்கு? மணல் மட்டும் போட்டாப் போதும்னேன்.

"இதுக்குத் தண்ணியே ஊத்த வேண்டாம்"னு விக்கறாங்க. நெசப் புல்லு தண்ணிய ஆவியா உடறதால வெயில்லயும் குளுந்து நிக்கும். பிளாஸ்டிக்குக்கு அது தெரியாது. நம்மூரு உச்சி வெயில்ல 60 டிகிரியக்கூடத் தாண்டும், வெறுங்கால் வைக்க முடியாது. சூடு தணியறதுக்குத் தண்ணி தெளிக்கறவங்களும் உண்டு. வளராத புல்லுக்குத் தண்ணி! ஹாக்கி கிரவுண்டுலயும் ஆட்டத்துக்கு முன்னாடி தண்ணி அடிக்கறது வழக்கந்தான். ஹாக்கின்னதும் ஞாபகம் வருது. 1975ல புல்லுத் தரையில உலகக் கோப்பை ஜெயிச்ச நம்ம ஆளுக, மறு வருசம் மான்ட்ரியல் ஒலிம்பிக்ல செயற்கைத் தரையில ஏழாவதா வந்தாங்க.

அப்பறம் அந்த வேம்பு. சாயங்காலம் நாலு மணிக்குப் பசங்க எறங்கறப்ப, மேக்கால இருந்து அடிக்கற வெயில மறைக்கறது அது ஒண்ணுதான். எல உதிர்ந்தாக் கூட்டிக்கலாம். இன்னிக்கு வெட்டிட்டு, அந்த நெழலுக்கு எங்க போறது?

ராத்திரி அங்கயே தங்குனேன். சாப்பாட்டுல யாரும் அதிகம் பேசல. மருமகப் புள்ள மட்டும், "பெரிய மாமா சொல்றது சரிதானுங்க, போன வருசம் லாரித் தண்ணிக்கு நாந்தான காத்துக் கெடந்தேன்"னுச்சு. அவன் தலையக் குனிஞ்சு சாப்புட்டுட்டு இருந்தான்.

போன வாரம் போன் பண்ணுனான். ஜல்லித் தளம் போட வேற ஆளப் புடிச்சிருக்கான். 60க்கு 30, 50க்கு 25 ஆயிருச்சு. வேம்ப இன்னும் வெட்டல. "எலக் குப்பைய நீங்க வந்து கூட்டறீங்களா பெரியப்பா?"ன்னு கேட்டான். மூட்டை கட்டி வையி கண்ணு, காட்டுக்கு எருவாகும், வாரப்ப எடுத்துட்டுப் போறேன்னு சொல்லியிருக்கறேன்.