ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு ஆன்டிவைரஸ் போதும்!

பெரம்பலூர், அரியலூர் பக்கம் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் புகார் இது: "வாங்கினப்போ வேகமா ஓடுச்சு சார். இப்போ ஒரு ஃபைலைத் திறக்கறதுக்குள்ள டீ குடிச்சுட்டு வந்துடலாம்." பார்த்தால் பல சமயம் காரணம் வைரஸ் அல்ல. கம்ப்யூட்டருடன் வந்த ட்ரையல் ஆன்டிவைரஸ் ஒன்று, பிறகு யாரோ போட்டுக் கொடுத்தது இன்னொன்று. "ரெண்டு இருந்தா ரெட்டைப் பாதுகாப்பு" என்றும் சொல்லியிருப்பார்கள். இது பாதுகாப்பே அல்ல என்பது என் உறுதியான கருத்து.

அரியலூர் 2001-ல் தனி மாவட்டம் ஆனது. 2002-ல் மீண்டும் பெரம்பலூருடன் சேர்ந்தது. 2007-ல் மறுபடி பிரிந்தது. எத்தனை முறை மாறினாலும் ஒரு மாவட்டத்துக்கு ஒரு கலெக்டர்தான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் உத்தரவு போட்டால் எந்த வேலையும் நடக்காது. கம்ப்யூட்டரும் அப்படித்தான்.

நீங்கள் ஒரு ஃபைலைத் திறக்கும்போதே ஆன்டிவைரஸ் இடையில் புகுந்து அதைச் சோதிக்கிறது. இதற்கு ரியல்டைம் பாதுகாப்பு என்று பெயர். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒரே ஃபைலை இரண்டும் சோதிக்கும். ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்கும். ஒன்றின் செயலை மற்றொன்று வைரஸ் என்று சந்தேகிக்கவும் கூடும். விளைவு, கம்ப்யூட்டர் அசையாமல் நிற்கும். சில சமயம் நீலத்திரையும் வரும்.

பாதுகாப்பு சாஃப்ட்வேர் ஒன்று தவறினாலே போதும். 2010 ஏப்ரலில் மெக்காஃபி அனுப்பிய ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த ஃபைல் ஒன்றையே வைரஸ் என்று எடுத்துக்கொண்டது. 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. இத்தனை அதிகாரம் உள்ள சாஃப்ட்வேரில் இரண்டை ஏன் உள்ளே விட வேண்டும்?

"ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்காதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு, நாம் இயக்கினால் மட்டும் ஓடும் ஸ்கேனர் போதும். மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் அத்தகையது, இலவசமானது. டவுன்லோட் செய்த 10 நாட்களில் காலாவதியாகிவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் புதிதாக டவுன்லோட் செய்யவும்.

சரி, பழைய ஆன்டிவைரஸை மாற்றுவது எப்படி?

1. முக்கியமான ஃபைல்களை பென் டிரைவிலோ எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கிலோ காப்பி எடுத்து, தனியே கழற்றி வையுங்கள்.

2. லைசென்ஸ் கீயைக் குறித்துக்கொண்டு, புதிய சாஃப்ட்வேரை அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே டவுன்லோட் செய்யுங்கள். இன்னும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

3. பழையதை முறையாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். ஃபோல்டரை மட்டும் டெலிட் செய்தால் அது போகாது. மிச்சம் இருந்தால் அந்த நிறுவனமே தரும் ரிமூவல் டூலைப் பயன்படுத்துங்கள்.

4. கட்டாயம் ரீஸ்டார்ட் செய்யுங்கள். பலர் தாண்டிவிடுவது இந்தப் படியைத்தான்.

5. புதியதை இன்ஸ்டால் செய்து, அப்டேட் செய்து, முழு ஸ்கேன் ஓடவிடுங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, இயங்குவது ஒன்றுதானா என்று பாருங்கள்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் கூடவே வருகிறது. வேறு ஆன்டிவைரஸ் போட்டால் தானாக ஒதுங்கும்; அதை எடுத்துவிட்டால் தானாக வேலைக்கு வரும். சாதாரண வீட்டு உபயோகத்துக்கு இதுவே போதும் என்பேன். பணம் கொடுத்து வாங்குவதானால் சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் என நம் நாட்டுத் தயாரிப்புகளும் உள்ளன. எதுவானாலும் ஒன்று மட்டும் போடுங்கள். ஆண்டுச் சந்தா முடியும் தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள். அப்டேட் நின்றுபோன ஆன்டிவைரஸுக்குப் புது வைரஸ்களைத் தெரியாது.

மகளின் கல்லூரி ப்ராஜெக்ட்டும் கல்யாண போட்டோக்களும் அந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. அடுத்த முறை யாராவது "இன்னொண்ணும் போட்டுடலாம்" என்றால், "முதல்ல இருக்கறதை எடுங்க" என்று சொல்லுங்கள்.