பொங்கல் சனிக்கிழமைக்கு வருவதில்லை

தை பிறந்து பத்து நாளாகிவிட்ட ஒரு சனிக்கிழமை. வாடகைக்கு எடுத்த விளையாட்டு மண்டபம். வாசலில் கோலம், அச்சடித்த பிளாஸ்டிக் தாளில். மேடையில் ஒரு பானை இருக்கும். உள்ளே ஒன்றும் இராது, ஏனென்றால் மண்டபத்தில் நெருப்பு மூட்டக்கூடாது. பொங்கல் பின்கதவால் அலுமினியத் தட்டங்களில் ஆறிப்போய் வரும். அதற்கு முன் மூன்று உரைகள். இதைப் பார்த்து வளர்ந்த ஒரு பிள்ளையிடம் பொங்கல் என்றால் என்ன என்று கேட்டேன். "பேச்சு முடிஞ்சாப் பிறகு தாற சாப்பாடு" என்றாள். அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

விபோர்க்கில் இருந்து இதை எழுதுகிறேன். சங்கங்களுக்கு எதிரானவன் என்பீர்கள். பரவாயில்லை. பண்பாட்டைக் காப்பாற்றுகிறோம் என்று நாற்பது வருடமாக மண்டபமும் மேடையும் தேடி அலைந்ததில் வீட்டைக் கைவிட்டுவிட்டோம் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

இந்த ஊரின் பெயரையே பாருங்கள். 'வி' என்பது பழைய நோர்டிக் மொழியில் வழிபாட்டிடம். கிறிஸ்தவம் வருவதற்கு முன்பே இது புனித மேடு. இங்கிருந்து தெற்கே யெலிங்கில் ஒரு கல் நிற்கிறது; டேனியரைக் கிறிஸ்தவராக்கியது தானே என்று நீலப்பல் ஹரால்ட் பத்தாம் நூற்றாண்டில் அதில் பொறித்து வைத்தார் (உங்கள் கைபேசியின் புளூடூத்துக்குப் பெயர் கொடுத்த அதே மன்னர்). பழைய தெய்வங்களின் இடங்கள் போயின. மேட்டில் இப்போது பேராலயம். ஆனால் டேனியர் நத்தாரை இன்றும் 'யூல்' என்றுதான் சொல்கிறார்கள். அது கிறிஸ்துவுக்கு முந்திய நடுக்குளிர்கால விழாவின் பெயர். பரணில் இருக்கும் 'நிஸ்ஸ' என்ற வீட்டுக் குட்டித் தேவதைக்கு மார்கழியில் ஒரு கிண்ணம் கஞ்சி வைக்கும் வழக்கமும் உண்டு. முன்பு பார்லிக் கஞ்சி. பிறகு பாலில் வேகவைத்த அரிசி, நடுவில் ஒரு கட்டி வெண்ணெய். எல்லாமே ஆயிரம் வருடப் பழசு என்று நான் சொல்லவில்லை. நத்தார் மரம் ஜெர்மனியிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வந்தது. ஆனாலும் கோயிலை மாற்றியவர்களால் குசினியை முழுக்க மாற்ற முடியவில்லை.

"உதெல்லாம் அஞ்ஞானப் பழக்கம்" என்று எங்கள் உறவுக்குள்ளேயே சொல்பவர்கள் உண்டு. அந்தச் சொல்லுக்கும் இந்த நாட்டுக்கும் பழைய உறவு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க்கை அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக். நம்மை அஞ்ஞானத்திலிருந்து மீட்கப் போனவர், ஐயனாரையும் மாரியம்மனையும் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதினார். 1713இல் அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பிய அந்த நூல் 1867 வரை அச்சேறவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்கப் போனவர் அதைப் பரப்புவதா என்று அங்கே முகம் சுளித்தார்கள். இன்றோ அதே டென்மார்க்கில், பழைய நோர்டிக் தெய்வங்களை வணங்கும் 'ஃபோர்ன் சித்ர்' 2003இல் அரச அங்கீகாரம் பெற்றிருக்கிறது. அவர்கள் கூச்சப்படவில்லை. நாம் ஏன் பக்கத்து வீட்டுக்காரருக்கு 'எங்கட கலாச்சார நிகழ்ச்சி' என்று மழுப்புகிறோம்? சூரியனுக்குப் பொங்குகிறோம் என்று சொன்னால் போதும். அவருக்கு உடனே விளங்கும்.

"இங்க எங்க சூரியன்?" என்பது அடுத்த சாட்டு. உண்மை, தை முதலாம் நாள் விபோர்க்கில் வெளிச்சம் வர எட்டே முக்கால் தாண்டிவிடும். நாலேகாலுக்குள் சூரியன் போய்விடும். ஆனால் டிசம்பர் 21ஐவிட அன்று பகல் அரைமணிக்கு மேல் நீண்டிருக்கும். யாழ்ப்பாணத்தில் சூரியன் எப்போதும் இருந்தது. நன்றி சொன்னது மரியாதைக்கு. இங்கேதான் அது திரும்பி வருவதை உடம்பு உணர்கிறது. பொங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எது?

ஆடிப்பிறப்பை நாம் மறந்ததுதான் எனக்குப் பெரிய எரிச்சல். ஜூலை நடுப்பகுதி, பள்ளி விடுமுறை, பிள்ளைகள் வீட்டில், இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். மண்டபம் தேவையில்லை, ஐயர் தேவையில்லை. கூழும் கொழுக்கட்டையும் போதும். கார்த்திகை விளக்கீடும் அப்படித்தான்: இந்த இருட்டில் வாசலில் நாலு சிட்டி விளக்கு வைத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஜூன் 23 இரவு சங்க்ட் ஹான்ஸ் நெருப்பைச் சுற்றி டேனியர் பாடும்போது சொக்கப்பனையைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு வாயும் கொஞ்சம் நேரமும்தான் வேண்டும். தை முதல் நாளா சித்திரையா புத்தாண்டு, எந்தப் பஞ்சாங்கம் சரி என்ற சண்டையை மண்டபத்துக்காரரே வைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் வீட்டில் வேலைநாளென்றாலும் காலை ஆறு மணிக்குப் பொங்குகிறோம். போன முறை பால் பொங்கி வழிந்து, கண்ணாடி அடுப்பைச் சுரண்ட அரைமணி நேரம் போனது. புகை அலாரம் கத்தியது. அதைத்தான் சின்னவன் வெடி என்கிறான். முதல் கிண்ணம் புக்கையைப் படைத்து முடித்ததும், பரணில் நிஸ்ஸவுக்கும் வைக்கலாமா என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. தொலைபேசியில் இருந்த அம்மம்மாதான் சொன்னா: "உங்க காகம் வராதெல்லே. வையுங்கோ."