அறிவியலில் பெண்கள்: இருபத்தைந்து ஆண்டுகள் தள்ளிப்போன பட்டம்



கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கும் மாணவி என்றதும் எங்கள் மனதில் வருவது இருபத்தைந்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்திதான். கலியாணம் இல்லை, பிள்ளை குட்டி இல்லை, கையில் புத்தகம் மட்டும் இருக்கும். இந்த மாதம் நாம் அறிந்துகொள்ளப் போகும் பெண்மணி அந்தப் பட்டத்தைப் பெறும்போது ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பெண்பிள்ளைகளின் தாய். பெயர் றோஸ்மேரி கிராண்ட். கூர்ப்பு உயிரியல் என்னும் துறையில் உலகறிந்தவர்.

இவர் 1936ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஆர்ன்சைட் என்ற கரையோரக் கிராமத்தில் பிறந்தார். சிறுமியாக இருக்கும்போதே பாறைகளில் பதிந்திருக்கும் தாவர உயிர்ச்சுவடுகளைப் பொறுக்கிவந்து, இன்று உயிரோடிருக்கும் செடிகளுடன் ஒப்பிட்டுப் பார்ப்பாராம். பன்னிரண்டு வயதில் டார்வினின் நூலை வாசித்தார். பெண்பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் அது. இடையில் கடும் நோய் வந்து படிப்பும் தடைப்பட்டது. எனினும் விடாமல் படித்து, எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1960இல் விலங்கியல் பட்டம் பெற்றார்.

அடுத்து கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வைத் தொடங்குவதே அவருடைய எண்ணம். தனித்து ஒதுங்கி வாழும் மீன் கூட்டங்களைப் பற்றி ஆராயத் திட்டமும் தயாரித்திருந்தார். அந்நேரம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் வேலை கிடைத்தது. ஆய்வை ஒத்திவைத்துவிட்டுப் போனார். அங்கேதான் பீற்றர் கிராண்டைச் சந்தித்தார். 1962இல் திருமணம் நடந்தது. பிறகு பிள்ளைகள் பிறந்தார்கள். கணவர் பட்டம் பெற்றுப் பேராசிரியரானார். றோஸ்மேரியின் பட்டம் ஒத்திவைத்த இடத்திலேயே கிடந்தது.

ஆனால் அவருடைய கவனம் வேலையை விட்டு விலகவில்லை. 1973இல் கணவனும் மனைவியும் சிறு பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு பசுபிக் சமுத்திரத்திலுள்ள கலாபகோஸ் தீவுகளுக்குப் போனார்கள். அங்கே டப்னே மேஜர் என்றொரு குட்டித் தீவு உண்டு. எரிமலையின் உச்சி கடலுக்கு மேலே தெரிவதுபோல இருக்கும். ஆட்கள் குடியில்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. தண்ணீர், சாப்பாடு, கூடாரம் எல்லாவற்றையும் படகில் கொண்டுபோய்ச் செங்குத்தான பாறையில் ஏற்றவேண்டும். பிள்ளைகளின் பாடப்புத்தகங்களும் கூடவே போயின.

அங்கே அவர்கள் செய்த வேலை என்ன? பின்ச் எனப்படும் சிறு குருவிகளை வலையில் பிடிப்பார்கள். அலகின் நீளம், அகலம், தடிப்பு ஆகியவற்றை அளப்பார்கள். காலில் நிற வளையங்களை மாட்டிப் பறக்க விடுவார்கள். எந்தக் குருவி எதனுடன் சோடி சேர்ந்தது, எத்தனை குஞ்சு பொரித்தது, எது இறந்தது என்று ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதுவார்கள். பட்டப்பின் மாணவர்களும் முறைவைத்து வந்து தங்கி உதவினார்கள். வருடா வருடம் இதே வேலைதான்.

1977இல் தீவில் மழை பொய்த்தது. செடிகள் கருகின. சிறிய, மெதுவான விதைகளைக் குருவிகள் முதலில் தின்று முடித்தன. எஞ்சியது நெருஞ்சி இனத்துச் செடியொன்றின் முள் நிறைந்த கடினமான காய். எங்கள் வெறுங்காலில் குத்துகிறதே, அந்த நெருஞ்சிக்கு உறவுதான் அது. அதை உடைத்து உள்ளேயுள்ள விதையை எடுக்கத் தடித்த அலகு தேவை. நடுத்தரத் தரைப் பின்ச் குருவிகளில் நூற்றுக்கு 85 வீதமளவில் செத்துப் போயின. பிழைத்தவற்றின் அலகு, வறட்சிக்கு முன்னிருந்த சராசரியைவிட ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடித்திருந்தது. அடுத்த தலைமுறைக் குஞ்சுகளும் பெற்றோரைப்போலத் தடித்த அலகோடு வளர்ந்தன. கூர்ப்பு மிக மெதுவாக நடப்பது, மனிதர் கண்ணால் காண முடியாதது என்றே டார்வின் கருதினார். இவர்களோ ஓரிரு வருடங்களில் அதை அளந்து காட்டினார்கள்.

1983இல் நிலைமை தலைகீழானது. எல் நினோ காரணமாகப் பெருமழை கொட்டி, சிறு விதைகள் பெருகின. அதன்பின் வந்த வறட்சியில் சிறிய அலகுடைய குருவிகளே கூடுதலாகத் தப்பின. ஆகவே எந்த அலகு சிறந்தது என்று யாரும் பொதுவாகச் சொல்ல முடியாது. காலமும் நிலமும் மாறும்போது விடையும் மாறும்.

இதற்கிடையே றோஸ்மேரி தனக்கென்று ஒரு தீவையும் ஒரு பறவையையும் எடுத்துக்கொண்டார். 1978 தொடக்கம் ஜெனோவேசா தீவில் பெரிய கள்ளிப் பின்ச் குருவிகளை ஆராய்ந்தார். இந்தக் குருவிகளின் ஆய்வில் தெரியவந்த ஒரு செய்தி அழகானது. ஆண் குஞ்சு தன் பாட்டைப் பெரும்பாலும் தந்தையிடம் கேட்டே கற்கிறது. சோடி தேடும்போது அந்தப் பாட்டும் ஓர் அடையாளமாகிறது.

இப்படிச் சேர்த்த ஆய்வுகளைக் கொண்டு சுவீடன் நாட்டின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் 1985இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். முதற் பட்டத்துக்கும் இதற்குமிடையே இருபத்தைந்து ஆண்டுகள். அதன்பின் அமெரிக்காவின் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். டப்னே ஆய்வு நாற்பது ஆண்டுகள், 2012 வரை நீடித்தது. 2005இல் பல்சான் பரிசும் 2009இல் கியோத்தோ பரிசும் கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டன. 2024இல், தன் எண்பதுகளின் பிற்பகுதியில், றோஸ்மேரி தன் வாழ்க்கையை நூலாக எழுதி வெளியிட்டார். ஓரடி பக்கவாட்டில், மூன்றடி முன்னால் என்று பொருள்படும் தலைப்பு அதற்கு.

சகோதரிகளே, அவருடைய நிலை வேறு, எங்களுடைய நிலை வேறு என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். அவருடைய படிப்பை நிறுத்தியது ஷெல் அல்ல, இடப்பெயர்வும் அல்ல. கூடவே நின்ற கணவரும் போய்வரப் பணமும் அவருக்கு இருந்தன. சான்றிதழையும் வீட்டையும் ஒரே இரவில் இழந்த பெண்ணிடம் போய், அவரைப் போல முயற்சி செய் என்று சொல்வது நியாயமாகாது.

ஆனாலும் ஒன்றை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம். பட்டம் இல்லாத அந்த ஆண்டுகளில் அவர் வெறும் உதவியாளாக இருக்கவில்லை. பார்த்ததை எழுதினார், அளந்ததைக் காத்துவைத்தார். பட்டம் பின்னால் வந்தது. எங்கள் நாட்டிலும் பாடசாலையை விட்டவர்கள் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் தோற்றலாம். மகளோடு சேர்ந்து பரீட்சை எழுதும் தாயைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். தொலைந்த சான்றிதழின் பிரதியைப் பரீட்சைத் திணைக்களத்தில் கேட்டு எழுதுவதை இந்த மாதமே தொடங்கலாம். ஒத்திவைத்த படிப்பு உங்களுடையதுதான். அதை எடுக்க வயது ஒரு தடையல்ல.