வயலோடு வயல் சேர்ப்பவர்களுக்கு

தியானப் பகுதி: ஏசாயா 5:1-10, 1 இராஜாக்கள் 21:1-3



சிறிய கிராம சபைகளை மூடிவிட்டு, அவற்றின் மக்களை வாகனம் வைத்துப் பெரிய ஆலயத்திற்கு அழைத்து வரலாம் என்னும் பேச்சு இந்நாட்களில் பல இடங்களில் எழும்புகிறது. பன்னிரண்டு குடும்பங்களுக்காக ஓர் ஆலயமும் ஓர் ஊழியரும் எதற்கு என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் சபையின் பகைவர்கள் அல்லர். கணக்குத் தெரிந்தவர்கள், நம்மில் உள்ளவர்களே. ஆயினும் அவர்கள் கணக்கு பிழையானது என்று சொல்லத் துணிகிறேன். அதற்குச் சாட்சியாகத் தூரத்து மலைநாடு ஒன்றை அழைக்கிறேன்.

ஸ்பெயின் தேசத்தின் கத்தலோனியாவில், மொன்சாந்த் மலையின் அடிவாரத்தில் பிரியோராத் என்னும் சிறிய நாடு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவிகள் அங்கே வந்து குடியேறினார்கள். அவ்விடத்தில் ஒரு மேய்ப்பன், மரத்தின்மேல் சாய்ந்த ஏணி வழியாகத் தேவதூதர் வானத்திற்கு ஏறக் கண்டான் என்பது மரபுக்கதை. ஆகவே துறவிகள் தங்கள் மடத்திற்கு ‘ஸ்காலா தேயி’, அதாவது தேவனுடைய ஏணி, என்று பெயரிட்டார்கள். பெத்தேலில் யாக்கோபு கண்ட தரிசனம் உங்களுக்கு நினைவு வரும். மடத்தலைவரைப் ‘பிரியோர்’ என்பர். அவருடைய ஆளுகைக்கு உட்பட்ட ஊர்களே பிரியோராத் ஆயின. துறவிகள் அந்தச் சரிவுகளில் திராட்சையை வளர்த்தார்கள்.

திராட்சரசத்தைப் பற்றிப் போதகர் எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். மது எத்தனை குடும்பங்களைச் சிதைத்திருக்கிறது என்பதை அறியாதவனாய் நான் இதை எழுதவில்லை. உங்களைக் குடிக்க அழைக்கவும் இல்லை. ஒரு தோட்டத்தைப் பார்க்க அழைக்கிறேன். நம் ஆண்டவர் தம்மைத் திராட்சச்செடி என்று சொன்னபடியால், அச்செடி எப்படி வளர்கிறது என்று அறிவது நமக்குத் தகும்.

பிரியோராத்தின் நிலத்தைப் பார்த்தால் எந்த விவசாயியும் தலையில் கை வைப்பார். மண் என்று சொல்லத்தக்கது அங்கே மிகக் குறைவு. தகடு தகடாகப் பிளக்கும் கரும்பலகைக் கல்லே நிலம். அதை ‘யிகொரேயா’ என்கிறார்கள். மழை குறைவு, சரிவு செங்குத்து. பல இடங்களில் உழவு இயந்திரம் ஏறாது. மனிதனும் கோவேறு கழுதையுமே ஏற முடியும். செடியோ தண்ணீரைத் தேடிக் கல்லின் பிளவுகள் வழியே பல மீட்டர் ஆழத்திற்கு வேர் விடுகிறது. முதிர்ந்த ஒரு செடி சில சரிவுகளில் ஒரு கிலோ பழம்கூடக் கொடுப்பதில்லை. ஆனால் அந்தக் கொஞ்சப் பழத்தில் செறிந்திருக்கும் சுவை சமவெளியின் மிகுந்த விளைச்சலில் இல்லை. ஓரிடத்தின் கல்லும் சரிவும் காற்றும் வெயிலும் உழைப்பவர் வழக்கமும் சேர்ந்து பழத்தில் இறங்குவதைப் பிரெஞ்சு மொழியில் ‘டெர்வார்’ என்கிறார்கள். நம் மொழியில் ‘மண்வாகு’ என்றால் ஏறக்குறைய விளங்கும்.

1835இல் அரசாங்கம் மடத்துச் சொத்துக்களைப் பறித்தது, துறவிகள் வெளியேறினார்கள். அந்நூற்றாண்டின் இறுதியில் ஃபிலாக்சரா என்னும் வேர்ப்பூச்சி தோட்டங்களை அழித்தது. இளைஞர் நகரங்களுக்குப் போனார்கள். எஞ்சியவர்களின் பழம் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கத்துத் தொட்டிகளில் ஒன்றாகக் கொட்டப்பட்டு, மொத்தச் சரக்காக விலைபோயிற்று. சங்கத்தை நான் பழிக்கவில்லை. பஞ்ச காலத்தில் அது ஏழை விவசாயிக்குச் சோறு போட்டது. ஆனால் எந்தச் சரிவின் பழம் எது என்று கேட்பார் இல்லாமற்போயிற்று.

1979இல் ரெனே பார்பியே அங்கே நிலம் வாங்கினார். பின்பு ஆல்வரோ பாலாசியோஸ் முதலிய சிலர் அவரோடு சேர்ந்தார்கள். 1989இல் கிரதாலொப்ஸ் என்னும் ஊரில் அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். எல்லார் பழத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே ரசமாக்கி, ஐந்து பெயர்களில் வெளியிட்டார்கள். தொடக்கத்தில் அது அவர்களுக்குத் தேவையாயிருந்தது. ஆனால் சில ஆண்டுகளுக்குள் அந்த ஏற்பாட்டை விட்டு, அவரவர் தத்தம் சரிவுக்குத் திரும்பினார்கள். முதியவர்கள் கைவிடாமல் வைத்திருந்த பழைய கர்னாச்சா, கரிஞ்யேனா செடிகளைத் தேடிப் பேணினார்கள். இன்று அங்கே ஊரின் பெயரையும், சிறு தோட்டத்தின் பெயரையும் தாங்கிய ரசங்கள் உண்டு. 2009இல் ஸ்பெயின் அரசு தன் மிக உயர்ந்த தகுதியை அந்நாட்டிற்கு உறுதிசெய்தது. ரியோகாவைத் தவிர வேறெந்தப் பகுதிக்கும் அது இல்லை. ‘ஒரு கிலோகூடத் தராத செடியை வெட்டிவிடு’ என்று கணக்கர் ஒருவர் முன்னமே தீர்ப்புச் சொல்லி, ஊரார் கேட்டிருந்தால் இவற்றில் ஒன்றும் மீந்திராது.

இப்பொழுது வேதத்திற்கு வாருங்கள். ஏசாயா 5ஆம் அதிகாரத்தின் திராட்சத்தோட்டப் பாட்டை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். பாட்டு முடிந்தவுடன் வரும் முதல் ஐயோ யார்மேல் என்று கவனித்தீர்களா? வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்துக்கொண்டே போய், பிறருக்கு இடமே இல்லாதபடி செய்கிறவர்கள்மேல்! அவர்களுடைய பரந்த திராட்சத்தோட்டம் அற்பமான ரசமே தரும் என்று தீர்க்கதரிசி தொடர்ந்து சொல்லுகிறார். அவர் நிலக்காரரைக் கண்டித்தார் என்பது உண்மை. ஆனால் சேர்த்துப் பெருக்கினால் விளைச்சல் பெருகும் என்னும் அதே நம்பிக்கை இன்று சபைக் கணக்கேட்டிலும் குடியேறியிருக்கிறது.

ஆகாப் நாபோத்திடம் முதலில் வாளோடு வரவில்லை. நியாயமான பேரத்தோடு வந்தான். இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், வேண்டுமானால் பணம் தருகிறேன் என்றான். நல்ல ஒலிபெருக்கி, குளிரூட்டிய மண்டபம், பயிற்சி பெற்ற பாடகர் குழு என்று நாமும் சிறிய சபைக்குப் பேரம் பேசுகிறோம். நாபோத் விலை போதாது என்று மறுக்கவில்லை. பிதாக்களின் சுதந்தரம் விலைக்குரியதல்ல என்றே மறுத்தான். ஒரு பாட்டி தன் கைப்பிடி அரிசியைச் சேர்த்துக் கட்டிய சுவரும், மூன்று தலைமுறை ஞானஸ்நானம் பெற்ற தொட்டியும் எந்த வரவுசெலவுக் கணக்கில் ஏறும்?

ஆயினும் ஓர் உண்மையை மறைக்க மாட்டேன். சிறுமை தன்னில்தானே புண்ணியம் அன்று. ஏசாயாவின் தோட்டம் நல்ல மேட்டில் இருந்தும் கசப்பான பழம் தந்தது. நம் சிறிய சபைகளில் சில, ஒரே குடும்பத்தின் ஆதிக்கத்தினாலும், வேறு சாதியார் உள்ளே வரச் சகியாத பெருமையினாலுமே சிறியவையாய் நிற்கின்றன. கல்லில் வேர்விட்ட செடியையும் மேற்சொன்ன நிலமையும் ஒன்றாக்காதீர்கள். பிரியோராத்தின் செடி வறண்ட நிலத்தில் ஆழத்திற்குப் போனது. கதவைப் பூட்டிய சபையோ வேரே விடாமல் காய்கிறது. அப்படிப்பட்ட சபைக்கு மனந்திரும்புதல் வேண்டும். வேறிடத்திற்கு அனுப்புவதால் அந்த நோய் தீராது. வாகனத்தில் ஏறி அதுவும் கூடவே வரும்.

ஆகையால் கமிட்டியில் அமர்ந்திருக்கும் சகோதரரே, கை உயர்த்துமுன் ஒரு ஞாயிறு அந்தச் சிறிய ஆலயத்தில் போய் உட்காருங்கள். மணி அடிப்பவர் யார், யாருடைய வீட்டில் வியாதி இருக்கிறது, அங்கே யாருக்காக யார் அழுது ஜெபிக்கிறார் என்று அறிந்து வாருங்கள். பெரிய ஆலயத்தில் நீங்கள் மூன்று வாரம் வராதிருந்தால் யாராவது தேடி வருவார்களா என்றும் உங்களையே கேளுங்கள். சிறிய சபையில் இருக்கும் சகோதரியே, உங்கள் தெருவில் இதுவரை அழைக்கப்படாத வீட்டின் கதவை இவ்வாரம் தட்டுங்கள். உங்கள் ஆலயம் நிலைத்திருக்க நான் எழுதும் நூறு வரிகளைவிட அது வலிய வாதமாகும்.

ஜெபம்: திராட்சத்தோட்டத்தின் ஆண்டவரே, நீர் நட்டதை நாங்கள் கணக்குப் பார்த்துப் பிடுங்காதபடி எங்கள் கைகளைத் தடுத்தருளும். கொஞ்சமாய் விளைகிற இடங்களில் ஆழமாய் வேர்விடக் கிருபை தாரும். பூட்டிய எங்கள் கதவுகளைத் திறந்தருளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.