கண்ணிவெடியும் ஒளிச் சாட்சியமும்

இலங்கையில் 2009-ஆம் வருஷம் மே மாதத்தில் யுத்தம் ஓய்ந்தது. ஆனால் முகமாலையிலும் வன்னிக் கிராமங்களிலும் பூமிக்குள் புதைந்து கிடந்த கண்ணிவெடிகளுக்கு அந்தச் சமாசாரம் எட்டவில்லை. அதன் பின்னும் பல வருஷங்களாக, கணவனை இழந்த ஸ்திரீகள் உட்பட அப்பிரதேசத்து ஜனங்களே மண்டியிட்டு அமர்ந்து, அங்குலம் அங்குலமாக மண்ணைச் சுரண்டி அவற்றை எடுத்து வந்திருக்கின்றனர். உலோகங் காட்டும் கருவி ஒலித்தால், அது வெடியாகவும் இருக்கலாம்; துருப்பிடித்த தோட்டாவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றையும் வெடியென்றே பாவித்துத் தோண்ட வேண்டும். பிளாஸ்டிக்கிலும் மரப்பெட்டியிலும் அடைத்த வெடியோ அக்கருவிக்கு எளிதில் அகப்படுவதில்லை. உலோகத்தைத் தேடாமல் வெடிமருந்தையே தேடும் கருவி ஒன்று வேண்டும் என்ற கோரிக்கை இங்கேதான் பிறக்கிறது.

கண்ணிவெடிகளில் மிகுதியாக இடப்படும் மருந்து டி. என். டி. என்று வழங்கும் டிரைநைட்ரோ டொலுவீன் ஆகும். 1863-இல் ஜெர்மன் ரசாயனியான வில்பிராண்ட் இதை முதன்முதலில் தயாரித்தபோது இது மஞ்சள் சாயமாகவே மதிக்கப்பட்டது. சாதாரண உஷ்ணத்தில் இதன் ஆவி, காற்றின் நூறு கோடிப் பங்கில் சில பங்குகளே. நாயின் நாசி அறியும் இச்சிறு அளவை மனிதன் செய்த கருவி அறியுமா என்பதே கேள்வி.

அறியும் என்று காட்டியது ஒளி. நைட்ரோ தொகுதிகளைத் தாங்கிய இம்மூலக்கூறு எலெக்ட்ரானுக்குப் பசித்திருப்பது. கதிர் பட்டு ஒளிரும் பொருளின் அருகே வந்தால், அது கிளர்ந்தெழுந்த எலெக்ட்ரானைக் கவர்ந்துகொள்ளுகிறது; ஒளி மங்குகிறது. சாதாரணப் பொருளில் ஒரு திருடன் ஒரு விளக்கையே அணைக்க முடியும். 1998-இல் மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்வாகர் என்ற பேராசிரியர், யாங் என்ற சகாவுடன் சேர்ந்து, நீண்ட சங்கிலியான பாலிமர் ஒன்றை வெளியிட்டார். அதில் ஒளிச் சக்தி சங்கிலி நெடுக ஓடித் திரிகிறது. வழியில் ஒரே ஒரு வெடிமருந்து மூலக்கூறு உட்கார்ந்திருந்தாலும் அதனிடம் அகப்பட்டு அணைகிறது. சங்கிலிகள் ஒட்டிப் படியாதவாறு பருத்த அங்கங்களைப் பொருத்தி, ஆவி நுழைய வழியும் செய்தார். இம்முறையில் அமைந்த கருவிக்கு ஃபைடோ என்று நாயின் பெயரையே சூட்டினர். அமெரிக்க ராணுவம் அதை இராக்கில் உபயோகித்தது.

இது சிறந்த சாட்சியே. ஆயினும் எந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்பது நியாயமன்று. ஆர். டி. எக்ஸ். போன்ற மருந்துகள் டி. என். டி.யைப் போல இவ்வொளியை எளிதில் அணைப்பதில்லை. பெராக்ஸைடு வெடிகளில் நைட்ரோ தொகுதியே கிடையாது. ஆகவே இச்சாட்சி மௌனமாயிருந்தால் வெடி இல்லை என்று தீர்ப்பளிக்க முடியாது. பிக்ரிக் அமிலமோ, ஒளிரும் பொருளைத் தீண்டாமலேயே, அதற்கு வரவேண்டிய கதிரைத் தானே விழுங்கி ஒளியைக் குறைத்துக் காட்டவல்லது. மண்ணின் ஈரமும் வெயிலும் ஆவியை இடம்பெயரச் செய்கின்றன. வாசனை வந்த இடமே வெடி கிடக்கும் இடம் என்று சொல்வதற்கில்லை. நீதிஸ்தலத்தில் பொய்ச் சாட்சியத்துக்கு மேல்முறையீடு உண்டு. வயலில் கால் வைத்தவனுக்கு அது இல்லை.

நமது தேசத்து ரசாயனிகள் இத்துறையில் பின்தங்கியவர் அல்லர். 2013-இல் புனே ஐசர் ஸ்தாபனத்தார், பிக்ரிக் அமிலத்தைப் பிற நைட்ரோ சேர்மங்களுக்கிடையே பிரித்தறியும் ஒளிர்பொருள் ஒன்றை வெளியிட்டனர். இத்தகைய வியாசங்கள் உலகெங்கும் குவிந்திருக்கின்றன. ஆனால் அவற்றில் பல, கண்ணாடிக் குப்பியில் கரைத்த மருந்தைச் சோதித்த அளவில் நின்றவை. குப்பி வேறு, வயல் வேறு. அவ்விரண்டுக்கும் நடுவேயுள்ள தூரத்தைக் கடக்கப் பணமும் பொறுமையும் வேண்டும். அதைத் தரவேண்டியது சர்க்காரே.

ஏனெனில் சர்க்காருக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. ஆள்கொல்லி வெடி ஒவ்வொன்றும் எட்டு கிராம் இரும்புக்கு ஈடாகக் கருவிக்குத் தென்பட வேண்டும் என்று விதிக்கும் 1996-ஆம் வருஷத்து சர்வதேச உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. அவ்வெடிகளை அடியோடு விலக்கும் 1997-இன் ஒட்டாவா ஒப்பந்தத்தில் சேரவில்லை. இலங்கை 2017-இல் சேர்ந்துவிட்டது. எல்லையைக் காக்க வெடி அவசியம் என்பது டெல்லியின் வாதம். அதை அலட்சியமாகத் தள்ளுவதற்கில்லை. 2025-இல் போலந்து, பின்லாந்து முதலிய தேசங்கள் ருஷியாவுக்கு அஞ்சி அவ்வொப்பந்தத்திலிருந்து விலகத் தீர்மானித்தன. ஆனால் 2001, 2002 வருஷங்களில் நமது மேற்கெல்லை நெடுகப் புதைத்த வெடிகளால் துன்புற்றவர் யார்? உழுது பிழைக்கும் குடியானவரும், பின்னர் அவற்றை அகற்றப் போன நமது சிப்பாய்களுமே அல்லவா?

ஆதலால் நாம் கேட்பவை மூன்று. முதலாவது, நமது ஆராய்ச்சிச் சாலைகளின் கருவிகள் உண்மையான மண்ணில், வெடி அகற்றுவோரின் கையில் சோதிக்கப்பட வேண்டும். இரண்டாவது, அவற்றின் வெற்றியைப்போலவே தோல்வியும் பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும். மூன்றாவது, 2009-க்குப் பின் இலங்கைக்கு வெடி அகற்றும் குழுக்களை அனுப்பி உதவிய இந்தியா, ஒட்டாவா ஒப்பந்தத்தில் சேரும் நாளையும் ஜனங்களுக்குச் சொல்ல வேண்டும். சாட்சியைத் தேர்ச்சி பெறச் செய்வது விஞ்ஞானியின் கடமை. குற்றமே நிகழாமல் தடுப்பது ராஜ்யத்தின் கடமை.